இழை இருந்த இடம்

சங்கரபாண்டியன் பாலிடெக்னிக் வாத்தியார். நாற்பத்தேழு வயசில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். அவருக்கு வழிகாட்டி டாக்டர் ஜெசிந்தா, அவரைவிட ஒன்பது வயசு சின்னவர். இவர் 'மேடம்' என்பார். அந்தம்மா 'சார்' என்பார்.

வேலை இதுதான். ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், காற்று நுழையும் நுண்துளைகள் கொண்ட பீங்கான் வில்லை. அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு வெள்ளைப் பூச்சு. கீழே ஹைட்ரஜன், மேலே காற்று; உலைச் சூட்டில் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் பிறக்கும். பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வாயு கசியும், மின்சாரம் படுத்துவிடும்.

பூசி, உலையில் சுட்டு, மேலே ஒரு சொட்டு சிவப்பு மை விடுவார். அடியில் வைத்த காகிதத்தில் புள்ளி விழுந்துவிடும். பதினோரு வில்லை அப்படியே போயிற்று. மிச்சம் ஒன்று. சனிக்கிழமையோடு பாலிடெக்னிக்கில் வாங்கிய லீவு முடிகிறது. அதற்குள் ஒரு வோல்ட் காட்டாவிட்டால், பட்டம் இல்லாமல் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

"மேடம், கனமாப் பூசிரட்டுமா? ஓட்டை அடைஞ்சிரும்."

"ஓட்டையும் அடையும், கரண்டும் அடையும். நீங்க பூசறதை நான் பார்த்ததே இல்லையே. எப்பவும் போலச் செய்யுங்க."

வாத்தியார் துவைத்து மடித்த கைக்குட்டையை எடுத்தார். பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி வில்லையைத் துடைத்தார்.

"எல்லாத்தையும் இப்படித்தானா?"

"பின்னே? மூணு தடவை துடைப்பேன். வீட்டுக்காரி பார்த்தா பொறாமைப்படுவா."

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வில்லையை லென்சுக்கு அடியில் வைத்தார். மெல்லிய பஞ்சிழை ஒன்று ஒட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்து லைட்டரில் காட்டினார்.

"இழை எங்க சார்?"

"எரிஞ்சு போச்சு."

"உலையில சுடும்போது, பூச்சுக்குள்ள அது இருந்த இடம்?"

வாத்தியார் மேசையில் கிடந்த பதினோரு காகிதங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பிறகு வில்லையை ஸ்பிரிட்டில் அலசி, கண்ணாடி மூடிக்குள் உலரவிட்டார். ஒரே பூச்சு. சுட்டார். மை விட்டார். காகிதம் வெள்ளையாகவே கிடந்தது.

சனிக்கிழமை காலை வில்லையைச் சோதனை உலையில் பொருத்தி வாயுவைத் திறந்தார்கள். மீட்டர் ஏறி ஒரு வோல்ட்டைத் தாண்டி நின்றது. பத்து நிமிஷம். அரை மணி. இறங்கவே இல்லை.

வாத்தியாருக்கோ நிலைகொள்ளவில்லை. வாயுவைத் திறக்கும் திருகுப் பக்கம் போனார். வயரைத் தொடப் போனார்.

"மேடம், இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"இருக்கிறதிலேயே கஷ்டமான வேலை சார். கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."