இடுக்கை அடைத்த ராஜா

ஒரு காட்டில் பெரிய அத்திமரம் ஒன்று இருந்தது. அந்த மரம்தான் ராஜ்யம். அதை ஆண்டது ஓர் இருவாச்சிப் பறவை, ராணி. அவள் அப்பா அவளுக்கு விட்டுப்போன மரம் அது. பக்கத்து மலையிலிருந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டவர் ராஜா. பேருக்குத்தான் ராஜா, ஊரெல்லாம் “ராணி வீட்டுக்காரர்” என்றுதான் சொல்லும். அந்தப் பேச்சு அவருக்குத் தொண்டையில் சிக்கிய கொட்டையாக நின்றது.

இருவாச்சி முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய்விடும். ஆண் மண் கொண்டுவந்து கொடுக்கும். பெண் உள்ளேயிருந்து வாசலைப் பூசிக்கொள்ளும். அலகு நுழைய ஓர் இடுக்கு மட்டும் மிச்சம். சாப்பாடெல்லாம் அதன் வழியாகத்தான்.

ராணி அப்படி உள்ளே போனாள். ராஜா பழம் ஊட்டினார். மற்ற நேரமெல்லாம் உச்சிக்கிளையில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்தார். பதவி ருசி கண்டுவிட்டார்.

ஒரு நாள் ராணி சொன்னாள்: “என்னங்க, உள்ளே வந்ததும் உதிர்ந்த இறகெல்லாம் திரும்ப முளைச்சிருச்சு. குஞ்சும் பெரிசாயிருச்சு. நாளைக்கு வெளியே வரேன்.”

“என்ன அவசரம்? வெயில் கொளுத்துது.”

“எங்கப்பா மரத்தில் நிழலுக்கா பஞ்சம்?”

ராஜா நேரே மந்திரி கருமந்தியிடம் போனார்.

“அவங்க வந்துட்டா நீங்க பழையபடி ராணி வீட்டுக்காரர்,” என்றது மந்தி, பேன் பார்த்துக்கொண்டே. “மண்ணில் பலாப்பிசினைக் குழைச்சு அந்த இடுக்கை அடைச்சிடுங்க.”

“அப்புறம் சாப்பாடு?”

“யாருக்கு?”

பிசின் எங்கே கிடைக்கும் என்று கேட்டார் ராஜா.

மறுநாள் காலையில் பூச ஆரம்பித்தார்.

“என்னங்க பண்றீங்க?” என்றாள் ராணி.

“காத்தடிக்குது. உனக்குச் சளி பிடிக்கும்.”

கடைசி உருண்டையை நன்றாக உள்ளே திணிக்க வேண்டும் என்று அலகோடு சேர்த்து அழுத்தினார். அலகு ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறியது. பிசின் இறுகியது. அலகு வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார், சிறகை அடித்தார். வரவில்லை.

உள்ளே நீட்டிக்கொண்டிருந்த அலகு நுனியை ராணி சற்று நேரம் பார்த்தாள். உள்ளேயிருந்து சுவரைப் பூசியவள் அவள். எங்கே மெலிசு என்று அவளுக்குத் தெரியும். அலகுக்குக் கீழே நாலு கொத்து கொத்தினாள். வழி விட்டது.

அவள் உச்சிக்கிளைக்குப் போய் உட்கார்ந்தாள். முதலில் எழுந்து கும்பிட்டது கருமந்திதான். “இந்த வேலை வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன் தாயே,” என்றது.

அம்மா பின்னாலேயே தத்தி வந்த குஞ்சு திரும்பிப் பார்த்தது.

“அம்மா, நம்ம வாசலில் தொங்குறது யாரு?”

“உங்கப்பாதான் கண்ணு. ஆட்சி பண்ணிக்கிட்டு இருக்கார்.”

நீதி: துணையை அடைத்துவைத்து ஆள நினைப்பவரால் அந்த வாசலை விட்டு நகர முடியாது.