ராஸ்பெர்ரிக்கு நடுவே குழி விழுந்த கதை

செடிகொடிகளும் பறவைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையின் மேல்சரிவில் செவ்வி என்ற ராஸ்பெர்ரிச் செடியும் கீழ்ச்சரிவில் காரி என்ற பிளாக்பெர்ரிச் செடியும் வாழ்ந்துவந்தார்கள். ஒருத்தி பழம் சிவப்பு, இன்னொருத்தி பழம் கறுப்பு. மற்றபடி அப்போதெல்லாம் பறித்தால் இரண்டுமே உள்ளே வெள்ளைத் தண்டோடு முழுசாகத்தான் வரும்.

செவ்விக்கு எதற்கெடுத்தாலும் கவலை. காற்று அடித்தாலும் கவலை, அடிக்காவிட்டாலும் கவலை. ஆனால் அந்த வருடம் அவள் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. என்றும் இல்லாமல் உறைபனி கீழே இறங்கிக் காரியின் கன்றுகளைக் கருக்கியது. கீழே கிடந்த வேரழுகல் நோய் மேலே ஏறிச் செவ்வியின் கன்றுகளைத் தின்றது. பனியைத் தாங்கத் தெரிந்தவள் செவ்வி, அழுகலைத் தாங்கத் தெரிந்தவள் காரி. ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவளுக்குத் தெரியாது.

காரிதான் தேனீயிடம் சொல்லியனுப்பினாள். மகரந்தத்தை மாற்றிக்கொள்வோம், பிறக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு பேர் தெம்பும் இருக்கும் என்றாள். என் விதை உன் பனியில் முளைக்கட்டும், உன் விதை என் சேற்றில் முளைக்கட்டும், பிழைக்கிறதா பார்த்துவிடலாம் என்றாள். செவ்வி யோசித்து யோசித்து, வேறு வழி தெரியாமல் சம்மதித்தாள். தேனீ இருவருக்கும் நடுவே அலைந்தது. காய் பிடித்தது.

பழுத்ததும் விதையைக் கொண்டுபோகச் சின்னான் குருவி வந்தது. காரி தன் பழத்தைத் தயங்காமல் கொடுத்துவிட்டாள். செவ்விக்குத்தான் மனசு வரவில்லை.

"அங்க அழுகல் இருக்கே. என் பிள்ளைங்க செத்துப்போயிட்டா?" என்றாள்.

"இங்கயே வெச்சுக்கிட்டா மட்டும் பிழைச்சிடுமா அக்கா? அழுகல் உன் காலடிக்கே வந்தாச்சு. விடு," என்றது சின்னான்.

குருவி பழத்தைக் கவ்வி இழுத்தது. செவ்வி பயந்துபோய்ப் பழத்தின் நடுத்தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழம் கழன்று குருவியோடு போனது. தண்டு அவளிடமே நின்றது. நல்லவேளை, பிள்ளைகளைப் போகவிடாமல் பிடித்துவிட்டோம் என்று மூச்சு விட்டாள். பிறகுதான் குனிந்து பார்த்தாள். விதைகள் எல்லாம் தண்டைச் சுற்றியிருந்த சிவப்பு மணிகளுக்குள் அல்லவா இருந்தன? அவள் பிடித்துவைத்திருந்தது வெறும் தண்டு.

அடுத்த மழைவரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் தேனீ சேதி கொண்டுவந்தது. பிள்ளைகள் அழுகலுக்குத் தப்பித் துளிர்விட்டிருந்தன. செவ்வி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். ஆனாலும் அடுத்த பழத்தைக் குருவி இழுத்தபோது அவள் தன்னை அறியாமல் தண்டைப் பிடித்தாள். தாயின் பயம் அவ்வளவு சுலபத்தில் போகுமா?

பிளாக்பெர்ரி இன்றைக்கும் தண்டோடு முழுசாகத்தான் நம் கைக்கு வருகிறது. ராஸ்பெர்ரியோ அன்று முதல் நடுவே குழியோடு வருகிறது. வெள்ளைத் தண்டை மட்டும் செடி இன்னமும் விடுவதில்லை.