மூன்றாம் ஓலைக்குக் கிடைத்த சாப்பாடு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் ஞானசுந்தரி அக்கா. என் மூத்தவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம், உபவாச ஜெபம் முடிந்து கஞ்சிக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்கள். பசியோடு கேட்டதாலோ என்னவோ, ஒரு வார்த்தையும் மறக்கவில்லை.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டைச் சேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. புகழ்ச்சியும் நெய்ச்சோறும் இருந்துவிட்டால் வேறொன்றும் கேட்க மாட்டார்.

அவர் சபையில் பீலிக்கட்சி என்று ஒரு கூட்டம். தலைப்பாகையில் மயில்பீலி செருகிக்கொண்டு, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் என்று தெருத்தெருவாகக் கும்பிட்டுச் சபைக்குள் வந்தவர்கள். வந்தபிறகு ஒருவரும் தெருப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. பீலி தூரத்தில் தெரிந்தாலே மோர்க்காரி பானையைக் கவிழ்த்து, மோர் தீர்ந்துபோச்சு என்பாள்.

கட்சித் தலைவர் மகுடநாதருக்கு இதெல்லாம் காதில் விழாது. மாதம் ஒரு பட்டம் கண்டுபிடித்து ராஜாவுக்குச் சூட்டுவதே அவர் வேலை. எட்டுத் திசையும் நம் பேரைக் கேட்டு நடுங்குகிறது என்பார்.

அந்த வருஷம், ஆறு வருகிற பக்கத்தில் இருந்த மேல்நாட்டு ராஜா மதகை அடைத்துவிட்டார். வேங்கைநாட்டு வயல் வெடித்துக் கிடந்தது. திறக்கச் சொல்லி மூன்று ஓலை போயிற்று. தண்ணீர் வரவில்லை. ராஜாவின் அப்பா காலத்தில் இங்கிருந்து ஓலையில் ஒரு வரி எழுதிப் போனால் பக்கத்து தேசத்துச் சண்டையே நின்றுவிடும்.

ராஜா காரணம் கேட்டார். மகுடநாதர் கொஞ்சமும் யோசிக்காமல் ஓலைக்காரர் கொம்பையாவைக் கை காட்டினார். வழியில் மரத்தைக் கண்டால் படுத்துவிடுகிறான், ஓலை ஆறிப்போய்ச் சேர்கிறது, அப்புறம் யார் மதிப்பார்கள் என்றார். ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாளைப் பொழுது சாய்வதற்குள் உன்மேல் குற்றமில்லை என்று காட்டு, இல்லையென்றால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போ என்று சொல்லிவிட்டார்.

கொம்பையாவுக்கு வீட்டு நினைப்பு வந்தது. மனைவி வெயிலுகந்தாள் மூட்டுவலிக்காரி. தெருமுனைக்கே தடி ஊன்றிப் போகிறவளை எந்த எல்லைக்கு நடத்திக்கொண்டு போவது? கையைக் கட்டிக்கொண்டு நின்றவருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"மகாராஜா, நாளைக்கு ஒருவேளை மட்டும் மேல்நாட்டில் எனக்குக் கிடைத்த சாப்பாட்டை நீங்கள் சாப்பிடணும். நான் கொண்டுபோனது உங்கள் வார்த்தை. அதற்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைத்த மாதிரிதானே."

மேல்நாட்டுச் சமையல் பேர்போனது. ராஜாவுக்கு அப்போதே நாக்கில் நீர் ஊறியது. மகுடநாதரும் தம் கட்சிக்காரர்களோடு பந்தியில் உட்காருவதாகச் சொன்னார்.

மறுநாள் உச்சிப்பொழுது. தலைவாழை இலை, வெள்ளைச் சோறு, பருப்பு, நெய், ஐந்து கூட்டு, வடை, பாயசம். ராஜா கை வைக்கப் போனார். கொம்பையா பணிவாக இலையை இழுத்துக்கொண்டார்.

"இது உங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது, மகாராஜா. உங்களுடையது இன்னும் வரவில்லை."

அடுத்து வந்தது சோறும் ரசமும். அது ராஜா பட்டத்துக்கு வந்த முதல் வருஷத்தது என்று அதையும் எடுத்துவிட்டார். பிறகு, மூன்றாம் ஓலைக்குக் கிடைத்தது வெளியே இருக்கிறது என்று எல்லாரையும் அரண்மனை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினார்.

நின்றார்கள், நின்றார்கள். மகுடநாதர் காவலாளியிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டார். கொம்பையா சொல்லிவைத்திருந்தபடி, உள்ளே கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன் வரவே இல்லை. பீலியெல்லாம் வேர்வையில் நனைந்து மூக்கில் தொங்கியது.

"சாப்பாடு எப்போதடா வரும்?" என்றார் ராஜா.

"நானும் அங்கே அப்படித்தான் கேட்டேன், மகாராஜா."

மகுடநாதர் எரிந்து விழுந்தார். "உன் மூஞ்சிக்கு வேறென்ன கொடுப்பார்கள்?"

"மூஞ்சி அதேதான் ஐயா. அப்பா மகாராஜா காலத்தில் பாயசம் குடித்ததும் இதே மூஞ்சி, இதே கால். அன்றைக்கும் மரத்தடியில் படுக்கத்தான் செய்தேன். சுமந்தவன் மாறவில்லை."

 வெயில் தலையைச் சுட்டது. அப்பாவின் ஓலையில் அப்படி என்னதான் இருக்கும் என்று ராஜா மெல்லக் கேட்டார். முதல் வரியில் உங்கள் ஊரில் மழை உண்டா என்று இருக்கும் என்றார் கொம்பையா. இப்போது பட்டங்களைப் படித்து முடிப்பதற்குள் மேல்நாட்டு ராஜா தூங்கிவிடுகிறாராம். போன வருஷம் அங்கே வெள்ளம் வந்தபோது படகு கேட்டு அவர்கள் ஆள் இங்கே வந்தான். பட்டம் சூட்டு விழா நடந்துகொண்டிருந்ததால் நாலு நாள் இதே வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான் என்றும் சொன்னார்.

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

கேட்டது மகுடநாதரை. ராஜா தாமே அவருடைய பீலியை உருவி எடுத்தார்.

அன்றைக்கே நாலாவது ஓலை எழுதியாயிற்று. பட்டம் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி, மழை விசாரித்து ஒரு வரி, அவ்வளவுதான். கூடவே வண்டிகளில் பத்துப் படகு. ஓலையைச் சுமந்துகொண்டு போனது மகுடநாதர், கால்நடையாக. கொம்பையா, வெளியூர் ஆள் யார் வந்தாலும் இந்த வாசலில் உட்காரவைத்துச் சோறு போடுகிற பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெயிலுகந்தாள் தடியோடு வந்து பந்தியை மேற்பார்வை பார்த்தாள்.

பதினைந்தாம் நாள் மகுடநாதர் பாதம் வெடித்துத் திரும்பினார். ராஜா மதகைப் பற்றிக் கேட்கவில்லை.

"என்ன சாப்பிடக் கொடுத்தார்கள்?"

"கூழ், மகாராஜா. உட்காரவைத்து ஊற்றினார்கள்."

"தொட்டுக்கொள்ள?"

"வெங்காயம் ஒன்று."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் வாய்க்காலில் ஒரு சாண் தண்ணீர் வந்தது.

கதை இவ்வளவுதான். ராத்திரி ஜெபத்துக்கு முழங்கால் போடும்போது நம்மை ஆளுகிறவர்களுக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டுவதற்கு முன்னாலோ பின்னாலோ, அது உங்கள் இஷ்டம்.