சும்மா கிடைத்த மோர்

"பட்டணத்துக்குப் போனா முதல்ல கழுத்துதான் இறுகும், அப்புறம்..." என்று எங்கள் பெரியப்பா சொல்லுவார். அப்புறம் என்ன என்பது மறந்துபோச்சு. கதை மட்டும் நினைவிருக்கிறது, கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னே, கப்பல்கள் வந்து நிற்கும் பட்டணம் ஒன்றுக்கு மிளகு விற்க வந்தான் சேந்தன். வந்த புதிதில் யார் கூப்பிட்டாலும் நின்றான். நின்றால் வளையல்காரர் கையைப் பிடித்தார், சந்தனக்காரர் நெற்றியைப் பிடித்தார், ஜோசியர் மடியையே பிடித்தார்! கொஞ்ச நாளில் அவனும் பட்டணத்துக்காரன் ஆகிவிட்டான். வேகமாகப் போ, தரையைப் பார், கூப்பிட்டால் திரும்பாதே!

ஒரு திருவிழா நாள். மாட்டு வண்டியின் முன்னால் சேந்தன், நடுவே மிளகு மூட்டைகள், பின்னால் வைக்கோல்மேல் அவன் சின்ன மகள் பூவை. கடைத்தெருத் திருப்பத்தில் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. குழந்தை பொத்தென்று விழுந்தது! வண்டி நிற்கவில்லை.

மோர் விற்கும் வெள்ளச்சி ஓடிப்போய் அள்ளித் தூக்கினாள். நல்ல வேளை, அடியில்லை.

"உங்க வீடு எங்கேடி தங்கம்?"

"அப்பா வீடு" என்றது குழந்தை.

அடக் கடவுளே! கோட்டை வாசலைத் தாண்டி வண்டி திருவிழாக் கூட்டத்தில் கலந்துவிட்டால், இந்த அப்பாவை எங்கே போய்த் தேடுவது?

"ஐயா! வண்டிக்கார ஐயா!" வளையல்காரர் கத்தினார். சேந்தன் திரும்பவில்லை.

"நில்லுங்கய்யா! நில்லுங்க!" சந்தனக்காரர் கத்தினார். சேந்தன் மாட்டை விரட்டினான்.

"உங்க பிள்ளை விழுந்துருச்சு!" ஜோசியர் கத்தினார்.

"தெரியும்யா உங்க வித்தை! போன வாரம் சக்கரம் கழலுதுன்னு கூப்பிட்டுத்தானே எண்ணெய் வித்தீங்க!" என்றான் சேந்தன், முன்னால் பார்த்தபடியே.

கோட்டை வாசல் நெருங்கியது. வெள்ளச்சி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், மூச்சை இழுத்தாள், போட்டாள் ஒரு சத்தம்:

"மோர் சும்மா! காசு வேணாம்! எல்லாருக்கும் சும்மா!"

நின்றது தெரு! பல்லக்கு நின்றது, குதிரை நின்றது, மிளகு வண்டியும் நின்றது. அத்தனை தலைகளும் திரும்பின. சேந்தன் தலையும்தான். வெள்ளச்சி இடுப்பில் தன் மகளைப் பார்த்ததும் அலறிக்கொண்டு குதித்து ஓடி வந்தான்.

"பிள்ளை விழுந்துருச்சுன்னா திரும்பல, மோர் சும்மான்னதும் திரும்பிட்டீங்களே அண்ணே!" என்றாள் வெள்ளச்சி. அதற்குள் அவள் பானை காலி.

கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் விற்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று காதை மூடிக்கொள்கிறவன், தனக்கு நல்லது சொல்லும் குரலையும் இழப்பான்.

மறுநாள் முதல், யார் கூப்பிட்டாலும் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பது என்று சேந்தன் முடிவு செய்தான்.