எதிர்க்கடை லாபம்

கேளுங்கள். கடல் இப்போது இருக்கும் இடத்துக்கு வராமல் இன்னும் தள்ளியே நின்ற காலம். அப்போது மேற்கே ஓர் அரசன் இருந்தான். அவனுக்கு யானை வேண்டாம், தேர் வேண்டாம், பக்கத்து நாடும் வேண்டாம். செத்துப்போன அரசர்கள் அடித்த காசுகள் வேண்டும். அவற்றை எடுத்துப் பார்ப்பான், திருப்பிப் பார்ப்பான், மறுபடியும் பெட்டியில் வைப்பான். அதுதான் அவன் இன்பம்.

அரசனுக்குப் பிடித்தது ஊருக்கும் பிடிக்கும். கப்பல்காரர்களும் நிலக்காரர்களும் பழங்காசு சேர்க்கத் தொடங்கினார்கள். வேணாத்துறை என்ற பட்டினத்தில் அதற்கென்று ஒரு தெருவே உண்டானது.

அந்தத் தெருவில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. விற்பவரும் வாங்குபவரும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விரலைப் பிடித்தால் ஒரு விலை, அமுக்கினால் ஒரு விலை, விட்டால் பேச்சு முடிந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அங்கே ஐயாறப்பன் என்று ஒரு வியாபாரி இருந்தான். தெருவிலேயே கெட்டிக்கார விரல்கள் அவனுடையவை. உழவன் கொண்டுவரும் காசை ஒரு பொன்னுக்கு வாங்குவான். அதையே கப்பல்காரனுக்குப் பத்துப் பொன்னுக்கு விற்பான். ஒருவனுக்குக் கொடுத்த விலை மற்றவனுக்குத் தெரியாது. தெரியாதவரை இருவருக்கும் தூக்கம் வந்தது.

ஐயாறப்பனுக்கு மட்டும் வரவில்லை. அவன் தூக்கத்தைக் கெடுத்தவள் எதிர்க்கடை நாச்சியம்மை.

அவள் கணவன் கப்பலேறிப் போனான், திரும்பவில்லை. கடையை அவளே நடத்தினாள். அன்னிய ஆண்களோடு துண்டுக்குள் கை கொடுப்பது ஒரு பெண்ணுக்கு ஆகாது என்று ஊர் சொன்னது. அவள் யோசித்தாள். பிறகு அந்தத் தெருவில் யாரும் செய்யாததைச் செய்தாள். விலையை வாய்விட்டுச் சொன்னாள்.

“இது எட்டுப் பொன்னுக்கு வாங்கினது. ஒன்பது குடுத்தா எடுத்துக்கங்க. எட்டுக்கு ஒண்ணு எனக்கு நிக்கணும், நானும் அடுப்பெரிக்கணும்.”

அவ்வளவுதான். வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே போனார். விற்க வந்தவரும் சிரித்துக்கொண்டே போனார்.

அந்தச் சிரிப்புத்தான் ஐயாறப்பனைச் சுட்டது. அவன் பெட்டியில் அவளிடம் இருந்ததைப்போல் பத்து மடங்கு பொன் இருந்தது. ஆனாலும் தன் கடைக்கு வந்தவரை நிற்கவைத்துவிட்டு, அவள் கடைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணினான். நின்றவர்களும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணினான்.

“எவளாவது வாங்கின விலையை வெளியே சொல்வாளா? வாயில ஒண்ணு, பெட்டியில வேற ஒண்ணு. எப்படியும் கண்டுபிடிக்கிறேன்” என்றான்.

முதலில் மைத்துனன் வீரபாகுவைக் கிழிந்த வேட்டியோடு காசு வாங்க அனுப்பினான். வீரபாகு திரும்பி வந்து சொன்னான்: “எட்டுக்கு வாங்கினாளாம், ஒன்பதுக்குத் தந்தா, அத்தான்.”

“நீ என் மச்சான்னு முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பா.”

இரண்டாவதாகத் தன் மனைவி உமையாளிடம் ஒரு நல்ல காசைக் கொடுத்து, விலை தெரியாதவள்போல் விற்று வரச் சொன்னான். உமையாள் திரும்பி வந்து சொன்னாள்: “எட்டுக் குடுத்தா. ஒன்பதுக்கு விப்பேன்னும் சொன்னா. உட்காரவெச்சு மோரும் குடுத்தா.”

“பொம்பளைக்குப் பொம்பளை இரக்கம். அதுக்கு மேல ஒண்ணுமில்லை.”

மூன்றாவதாக, பட்டும் மோதிரமும் போட்ட ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரனைப் பிடித்து அனுப்பினான். பணக்காரனைக் கண்டால் விலை ஏறாதா? கப்பல்காரன் திரும்பி வந்தான். அவனுக்கும் ஒன்பதுதான்.

ஐயாறப்பன் எதிர்க்கடையை எட்டிப் பார்த்தான். பிறகு, “நான் நினைச்சதைவிடப் பெரிய திருடியா இருக்காளே!” என்றான்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஆற்றங்கரை சரிந்தது. சரிந்த மண்ணிலிருந்து யாளிக் காசுகள் வெளிவந்தன. எவனோ ஒரு பழைய அரசன் அடித்தவை. ஒவ்வொரு காசிலும் யாளியின் வால் ஒவ்வொரு விதமாக வளைந்திருந்தது. உழவர்கள் அவற்றை மடியில் கட்டிக்கொண்டு நேராக நாச்சியம்மை கடைக்கு வந்தார்கள். அவள் எட்டுக்கு வாங்கினாள். ஒன்பது என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

தை மாதம் அரசனுக்குக் காசு வாங்க அரண்மனைக் காசுக் காப்பாளர் வருவார். அரசனிடம் யாளிக் காசு ஒன்றுகூட இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஐயாறப்பன் மனம் கணக்குப் போட்டது. ‘நமக்கு ஒன்பது என்கிறாள். அரசனிடம் தொண்ணூறு வாங்குவாள். இதுதான் இவள் ரகசியம். அவள் பெட்டியில் ஒரு காசும் இருக்கக் கூடாது.’

தன் பெட்டியிலிருந்த பொன்னையெல்லாம் எடுத்தான். அது போதவில்லை. அப்பன் கட்டிய வீட்டை வட்டிக்காரரிடம் அடகு வைத்தான். தை முடிவதற்குள் பணம் வராவிட்டால் வீடு வட்டிக்காரருக்கு என்று பேச்சு. அந்தப் பணத்தை எடுத்து, ஆள்மேல் ஆள் அனுப்பி, யாளிக் காசுகளை எல்லாம் ஒன்பது ஒன்பதாக வாங்கினான்.

நாச்சியம்மை தயங்காமல் விற்றாள். விற்ற பணத்தில் மேலும் வாங்கினாள். அதையும் அவனே வாங்கினான்.

உமையாள் ஒருநாள் கேட்டாள்: “ஏங்க, அவ கடைக்கு இப்போ பெரிய வாடிக்கை யாருன்னு தெரியுமா?”

“யாரு?”

“நீங்கதான்.”

அவன் அன்று சாப்பிடவில்லை.

தை பிறந்தது. காப்பாளர் வந்தார். நேராக நாச்சியம்மை கடைக்குப் போனார். பெட்டி காலி.

“யாளிக் காசு எல்லாம் எதிர்க்கடை அண்ணன்கிட்ட இருக்குங்க ஐயா. அங்கேயே வாங்கிக்கங்க.”

“என்ன விலை கொடுக்கலாம் அம்மா?”

“நான் ஒன்பதுக்குக் குடுத்தேன். ஒன்பதுக்கே கேட்டுடாதீங்க. அவருக்கும் லாபம் நிக்கணும் இல்லையா? பத்துக்குக் குறையாமக் குடுங்க.”

காப்பாளர் தெருவைக் கடந்து வந்தார். ஐயாறப்பன் துண்டைப் போட்டான். விரல்கள் தொண்ணூறு என்று சொல்லின. காப்பாளர் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

“செட்டியாரே, இந்தக் காசு விலை தெருவுக்கே தெரியும். காசுக்குப் பத்துப் பொன் தருகிறேன். இருக்கிறது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்.”

பத்துப் பொன்! வீடு மீளும். வட்டி அடையும். அதற்கு மேலும் மிஞ்சும். கதவுக்குப் பின்னால் நின்ற உமையாள், சரி என்று சொல்லும்படி கையைக் காட்டினாள். ஐயாறப்பனின் நாக்கு நுனிவரை ‘சரி’ வந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி அதை முந்திக்கொண்டது.

“பத்துன்னு யார் சொன்னது?”

“எதிர்க்கடை அம்மாதான். உங்களுக்கு லாபம் நிற்க வேண்டும் என்றார்கள்.”

அவன் முகம் கறுத்தது. அவள் போட்ட விலையா? அவள் பார்த்துக் கொடுக்கும் லாபமா? இதில் அவளுக்கு என்ன கிடைக்கும்? ஏதும் கிடைக்காமல் சொல்வாளா?

“முடியாது” என்றான்.

காப்பாளர் அன்று மாலை மறுபடியும் கேட்டார். “முடியாது.” மறுநாள் காலை புறப்படும்போது மூன்றாவது முறையாகக் கேட்டார். “அவ வெச்ச விலைக்கு என் பொருள் போகாது” என்றான் ஐயாறப்பன்.

“ஆற்றங்கரை சரிந்தது இந்த ஊரில் மட்டுமல்ல, செட்டியாரே” என்று சொல்லிவிட்டுக் காப்பாளர் வண்டியேறினார்.

வீரபாகு கெஞ்சினான்: “அத்தான், ஓடிப்போய் வண்டியை நிறுத்தட்டுமா?”

“அவரே திரும்பி வருவாரு, பாரு.”

அவர் திரும்பவில்லை. மூன்று நாள் பயணத்தில் வேறோர் ஊரில் எல்லா வகை வால் காசும் கிடைத்துவிட்டது என்று சேதி வந்தது. கையிலிருப்பதை எட்டுக்காவது நாச்சியம்மையிடம் கொடுத்து வீட்டைக் காப்பாற்றலாம் என்று உமையாள் அழுதாள். “அவ படி ஏறமாட்டேன்” என்றான். தை முடிந்தது. வட்டிக்காரர் வந்து வாசலில் பூட்டைத் தொங்கவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் கடைப் படி ஏறினான். பிழைக்க வேறு வழியில்லை. மூட்டையை அவள் முன்னால் அவிழ்த்தான். நாச்சியம்மை ஒவ்வொரு காசாகப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் குடுக்கிற எட்டு உங்களுக்கும் உண்டுண்ணே. முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?”

தெருவே கேட்டது. அவன் பணத்தை வாங்கி முடிந்துகொண்டான். எழுந்தவன் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்:

“இப்பவாவது நிசத்தைச் சொல்லு. இதுல உனக்கு எவ்வளவு நிக்கும்?”

“எட்டுக்கு ஒண்ணு.”

“அது ஊருக்குச் சொல்றது. எனக்குச் சொல்லு.”

அவள் காசுகளைப் பெட்டியில் போட்டு மூடினாள். பிறகு, காத்திருந்த உழவன் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க” என்றாள்.

உமையாள் பாத்திரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தாள். வீரபாகு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டான். தெருமுனை திரும்புமுன் ஐயாறப்பன் நின்று, பின்னால் நாச்சியம்மை கடையைப் பார்த்தான்.

“அஞ்சு பேர் நிக்கிறாங்க” என்றான்.

உமையாளும் வீரபாகுவும் முனையைத் திரும்பிவிட்டிருந்தார்கள்.

அடுத்தவர் லாபத்தையே எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு, நியாயமாகத் தன் கைக்கு வந்த லாபமும் நிற்பதில்லை.