பாறையில் இல்லாத வரி

காட்டின் நடுவே வெண்மடு என்றொரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. நெடுங்காலர் என்ற நாரைதான் வாத்தியார். கொக்குப் பிள்ளைகள், தவளைப் பிள்ளைகள், நத்தைப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து படித்தன.

நாரை தவளையைத் தின்னாதா என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட எல்லைக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று வெண்மடுவில் ஒரு சட்டம் இருந்தது. எல்லைக்கு வெளியே என்ன நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் கேட்கிற கதை இது.

பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் கிடையாது. தண்ணீரில் பாதி முழுகிய ஒரு பாறை இருந்தது. அதில் படர்ந்த பாசியில் நெடுங்காலர் தம் அலகால் பாடத்தைக் கீறி வைத்திருந்தார். தினமும் காலையில் எல்லாப் பிள்ளைகளும் அதை உரக்கச் சொல்ல வேண்டும்.

"மடு வற்றியது. நாம் அஞ்சவில்லை. சிறகை விரித்தோம். தெற்கே பறந்தோம். எல்லோரும் பிழைத்தோம்."

சொல்லும்போது கொக்குப் பிள்ளைகள் சிறகடிக்கும். தவளைப் பிள்ளைகள் முன்னங்கால்களை அடித்துக்கொள்ளும். நத்தைப் பிள்ளைகளுக்கு அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவை கொம்பை மட்டும் ஆட்டும். வகுப்பில் முதல் மாணவி குண்டுக்கண்ணி என்ற தவளைப் பெண். அவளைப் போல் தப்பில்லாமல் பாடம் சொல்ல கொக்குகளாலும் முடியாது.

ஒருநாள் துள்ளி என்ற தவளைப் பெண் உடம்பெல்லாம் சேறாக வகுப்புக்கு வந்தாள். முந்தின நாள் அவள் சித்திக்குக் கல்யாணம். தவளைகளின் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணமக்கள் பின்னங்காலால் சேற்றைத் தள்ளித் தள்ளி, பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்க வேண்டும். கண் மறையும் வரை புதைந்து, அசையாமல் இருக்க வேண்டும். உறவுக்காரர் ஒருவர் இலையில் தண்ணீர் மொண்டுவந்து மேலே தெளித்த பிறகுதான் வெளியே வரலாம். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு தவளைக்கும் தெரியாது. பிள்ளைகளும் விளையாட்டாகக் கூடவே புதைந்து எழும்.

"இந்த அழுக்கோட இங்க உட்காரக் கூடாது. போய்க் குளிச்சிட்டு வா" என்று நெடுங்காலர் துள்ளியை விரட்டினார்.

துள்ளி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். அவள் அம்மா சேற்றழகி பொறுமைசாலி. ஆனால் அவளுக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. அவள் நேராகப் பாறைக்கு வந்தாள்.

"வாத்தியாரய்யா, எனக்கு ஒரு சந்தேகம். தப்பா நினைக்காதீங்க."

"சொல்லும்மா."

"போன வறட்சியில எல்லாரும் பறந்து பிழைச்சோம்னு பாடம் சொல்லுது. எங்களுக்குச் சிறகு கிடையாது. பறக்காதவங்க எல்லாம் செத்திருந்தா, நாங்க எங்கேயிருந்து வந்தோம்?"

நெடுங்காலர் ஒற்றைக் காலில் நின்றார். பிறகு காலை மாற்றி நின்றார்.

"எங்க ஆளுங்க என்ன செஞ்சாங்கன்னு விசாரிச்சு அதையும் எழுதுங்கய்யா. ஒரு வரி போதும். எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கே தண்ணி வத்தினா என் பிள்ளை என்ன செய்யும்? அதுக்குக் கை அடிக்க மட்டும்தான் தெரியும்."

மறுநாள் பறவைகள் கூட்டம் போட்டன. நெடுங்காலர் விஷயத்தை எடுத்துச் சொன்னார். உடனே ஒரு நீர்க்காகம் எழுந்தது.

"இன்னைக்குத் தவளைக்கு ஒரு வரி. நாளைக்கு நத்தை கேட்கும். அப்புறம் நண்டு கேட்கும். நம்ம வரியெல்லாம் எங்கே போகும்?"

"பாறையில இடமும் இல்லை" என்றது ஒரு கொக்கு. பாறையில் பாதி காலியாகத்தான் இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிழ மடையான் கொக்கு ஒன்று மட்டும் உண்மையான காரணத்தை மெல்லச் சொன்னது. "அவங்களை விட்டுட்டுப் போனோம்னு எழுதணுமே. நம்ம பிள்ளைங்க அதைப் படிச்சா நம்மளை என்ன நினைக்கும்?"

நெடுங்காலரும் தலையாட்டினார். பாடம் இருந்தபடியே இருக்கட்டும் என்று கூட்டம் கலைந்தது.

அந்த வருஷம் மழை வரவில்லை. அடுத்த மழைக்காலமும் பொய்த்துப் போனது.

வெண்மடு தினம் ஒரு முழம் உள்வாங்கியது. முதலில் தாமரை செத்தது. பிறகு மீன்கள் செத்து மிதந்தன. கரை ஓரத்து மண் பாளம் பாளமாக வெடித்தது. பாறை முழுசாக வெளியே வந்தது. அதன் மேல் பாசி காய்ந்து, பாடம் துண்டு துண்டாக உதிர்ந்தது. தவளைகள் மடுவின் நடுவில் மிச்சமிருந்த குழம்பில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மேலே பருந்துகள் வட்டமிட்டன. இரவு பகல் என்றில்லாமல் கத்திக்கொண்டிருந்த தவளைகள் அந்த நாட்களில் வாயே திறக்கவில்லை. சத்தம் போட்டால் பருந்து வரும் என்ற பயம்.

ஒரு காலையில் பறவைகள் எல்லாம் தெற்கே கிளம்பத் தயாராயின. நெடுங்காலரும் தயாரானார்.

சேற்றழகி அப்போது தண்ணீர் தேடிக் கரைப்பக்கம் அலைந்துகொண்டிருந்தாள். தங்கையின் கல்யாணம் நடந்த இடம் வழியில் வந்தது. மேலே மண் காய்ந்து வறட்டியாகக் கிடந்தது. மணமகள் இறங்கின குழி மட்டும் இன்னும் தூர்ந்து போகவில்லை. சேற்றழகி அதற்குள் காலை விட்டாள். அடியில் மண் குளிர்ந்திருந்தது. காலில் ஈரம் ஒட்டியது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்பக்கமாக இறங்குவது, அசையாமல் இருப்பது, மேலே தண்ணீர் விழுந்த பிறகு வெளியே வருவது. எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. பாறை சொல்லாமல் விட்டதைக் கல்யாணப் பந்தல் இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"நத்தையக்கா! இங்கே வாங்க!" என்று பக்கத்தில் கிடந்த நத்தையைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

நத்தை கொம்பை நீட்டியது. "எங்க வீட்டுலயும் பண்டிகையன்னைக்கு மண்ணுக்குள்ள போய் ஓட்டுக் கதவை அடைச்சு ஒட்டிக்குவோம். எதுக்குன்னு யாரும் கேட்டதில்லை. அதுவும் இதுக்குத்தானோ?"

சேற்றழகி பிள்ளைகளைத் தேடி ஓடினாள். பிள்ளைகள் அங்கே இல்லை. முப்பது தவளைப் பிள்ளைகளும் பாடத்தில் உள்ளபடி தெற்கே புறப்பட்டுப் போயிருந்தன.

அவள் வெடித்த மண்ணில் தாவித் தாவிப் போனாள். மண் காலைச் சுட்டது. வழியில் ஒரு சின்ன உடல் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. அதைப் புரட்டிப் பார்த்தாள். துள்ளி இல்லை. இன்னும் போனாள்.

பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் குண்டுக்கண்ணி. எல்லாம் முன்னங்காலை அடித்துக்கொண்டே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. குரல் வெளியே வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

"திரும்புங்க பிள்ளைங்களா! மண்ணுக்குள்ள இறங்குனா பிழைச்சுக்கலாம்" என்று சேற்றழகி கத்தினாள்.

"பாடத்துல அப்படி இல்லையே அத்தை" என்றாள் குண்டுக்கண்ணி.

"பாடத்துல விட்டுட்டாங்கடா கண்ணு."

"வாத்தியார் விடமாட்டார். இன்னும் கொஞ்சம் அடிச்சா எழும்பிடுவோம்."

துள்ளியும் அம்மாவிடம் வரவில்லை. வாத்தியார் சொன்னதை நம்புவதா, அம்மா சொல்வதை நம்புவதா என்று அவளுக்குப் புரியவில்லை. அப்போது நாரைக் கூட்டம் அவர்கள் தலைக்கு மேலே பறந்து போனது.

"அதோ உங்க வாத்தியார். கூப்பிட்டுப் பாரு. நாமளும் அவர் கூடத்தான் போறோம்னா ஒரு தடவை கீழே பார்ப்பார் இல்ல?" என்றாள் சேற்றழகி.

துள்ளி அண்ணாந்து கூப்பிட்டாள். மற்றப் பிள்ளைகளும் கூப்பிட்டன. நெடுங்காலர் கீழே பார்க்கவில்லை.

துள்ளி அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டாள். இன்னும் பத்துப் பிள்ளைகள் பின்னால் வந்தன. மற்றவை குண்டுக்கண்ணியோடு தெற்கே போயின. சேற்றழகி எவ்வளவோ கெஞ்சினாள். பருந்தின் நிழல் தரையில் விழுந்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

மடுவின் கரையில் அவள் எல்லோருக்கும் குழி தோண்டக் காட்டிக்கொடுத்தாள். தவளைகள் பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கின. நத்தைகள் கதவை ஒட்டிக்கொண்டன. கடைசியாகச் சேற்றழகி துள்ளியை அணைத்தபடி இறங்கினாள். மேலே மண் மூடிக்கொண்டது. ஒரே இருட்டு.

"அம்மா, நமக்கு யாரு வந்து தண்ணி தெளிப்பாங்க?"

சேற்றழகி மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். பயத்தில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது மகளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மட்டும் நினைத்தாள்.

எத்தனை நாள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் மேலே தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். இன்னொரு சத்தம். பிறகு தலையில் ஈரம் இறங்கியது.

மழை நின்றதும் நெடுங்காலர் திரும்பி வந்தார். வெண்மடு நிறைந்து கிடந்தது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் செத்துப் போனார்கள் என்றே நினைத்தார். அப்போது கரை மண் அசைந்தது. ஒரு தலை தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு தலை.

"வாத்தியாரய்யா" என்றாள் சேற்றழகி. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "வந்துட்டீங்களா."

நெடுங்காலர் தலையைக் குனிந்தார். "போன வறட்சியில நான் சின்னப் பிள்ளை. பறக்கும்போது கீழே பார்த்தேன். உங்க ஆளுங்க பின்பக்கமா மண்ணுக்குள்ள இறங்கிக்கிட்டிருந்தாங்க. விட்டுட்டுப் போறோமேன்னு வெட்கமா இருந்தது. அதான் எழுதலை. இந்தத் தடவை கீழே பார்க்கவே பயந்தேன்."

பாறையில் புதுப் பாசி படர்ந்ததும் அவர் சேற்றழகியையும் நத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடத்தைத் திருத்தி எழுதினார். "மடு வற்றியது. எல்லோரும் அஞ்சினோம். சிறகுள்ளவர்கள் மற்றவர்களை விட்டுவிட்டுப் பறந்தோம். தவளைகள் பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கின. நத்தைகள் கதவை அடைத்துக்கொண்டன. மழை வரும் வரை காத்திருந்தன."

பள்ளிக்கூடம் திறந்த அன்று அவர் பழைய வழக்கப்படி பெயர் கூப்பிட்டார். முதல் மாணவியின் பெயர்தான் எப்போதும் முதலில் வரும்.

"குண்டுக்கண்ணி."

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடியும் கூப்பிட்டார். துள்ளி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு தெற்குப் பக்கமே பார்த்தாள்.

எல்லோரும் படிக்கிற வரலாற்றில் எல்லோரும் இருக்க வேண்டும். இல்லையென்றால், விட்டுப்போன ஒரு வரிக்காக ஒரு பாவமும் அறியாத பிள்ளை உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கும்.