பதினெட்டு இடம் முன்னேறியவர்

சிப்பிக்கரைத் துறைமுகத்துக்குக் கப்பல் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கடலுக்கு அப்பால் சண்டை என்றார்கள். முகத்துவாரம் மணலேறிவிட்டது என்றார்கள். மிளகுக்கு மவுசு போய்விட்டது என்றார்கள். இந்த மூன்று காரணங்களையும் நான்கு மொழிகளில் பிழையில்லாமல் சொல்லக்கூடியவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். அதனால் கப்பல் வந்துவிடவில்லை.

அவர்கள் துபாசிகள். கப்பலில் வருகிறவனுக்கும் கரையில் விற்கிறவனுக்கும் நடுவில் நின்று, அவன் பேச்சை இவனுக்கும் இவன் பேச்சை அவனுக்கும் மாற்றிச் சொல்வது தொழில். விடிந்ததும் சுங்கச் சாவடியின் சுவரோரம் கடலைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். தொழிலுக்கு வந்த முறைப்படி வரிசை. வருகிற கப்பல் முதல் ஆளுக்கு. முன்னால் நிற்பவர் ஒருவர் தொழிலை விட்டுப் போனால் பின்னால் இருப்பவர்கள் ஓரடி நகர்வார்கள். நல்ல காலத்தில் வரிசையில் இருபத்திரண்டு பேர். ஒருவர் பாதி நாள் மீன்பிடிக்கப் போய்விடுவார் என்பதால் இருபத்தொன்றரை என்று எண்ணுவாரும் உண்டு.

சந்தியாகு தன் முப்பத்தொன்பதாவது வயதில், வலை பின்னுவதை விட்டுவிட்டு, இருபத்திரண்டாவது ஆளாக வந்து நின்றவர். கப்பல்கள் மும்முரமாக வந்துபோன ஆறு வருடத்தில் அவர் முன்னேறியது மூன்று இடம். கப்பலே வராத மூன்று வருடத்தில் பதினெட்டு இடம். முன்னால் நின்றவர்களில் இருவர் இறந்துபோனார்கள். மற்றவர்கள் உப்பளத்துக்கும் உழவுக்கும் மகள் வீட்டுக்கும் போனார்கள்.

இந்தப் பதினெட்டில் ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் அவர் மனைவி மரியதங்கம் பாயசம் வைத்தாள். முதலில் பாலும் வெல்லமும் இருந்தன. பிறகு பால் இல்லை. பிறகு வெல்லமும் இல்லை. பதினெட்டாவது பாயசம் கஞ்சிதான். ஒரு மரியாதைக்காக அதைப் பாயசம் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

"இதுக்கு மேலயும் முன்னேறினா கடலுக்குள்ளதான் விழணும்," என்றாள் மரியதங்கம்.

அன்று பிற்பகல் சந்தியாகு, தனக்கு மொழிகளும் தொழிலும் கற்றுக்கொடுத்த ஆசானைப் பார்க்கப் போனார்.

மதார் ஆசானுக்கு முப்பத்தைந்து வயது. சீடருக்கு நாற்பத்தெட்டு. அதனால் சீடர் குருவை ஆசானே என்றும், குரு சீடரை அண்ணாச்சி என்றும் அழைத்தார்கள். ஒன்பது வருடமாக இதில் இருவருக்கும் சங்கடம் வந்ததில்லை. ஆசான் காலியாகக் கிடந்த மிளகுக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, முறத்தில் நொய்யைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளையிலிருந்து நான்தான் முதல் ஆள், ஆசானே."

"சந்தோஷம். உக்காருங்க அண்ணாச்சி. கண்ணு நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப நீங்களும் பொறுக்குங்க."

சந்தியாகு உட்கார்ந்து பொறுக்கினார்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"காலம் கெட்டுக் கிடக்கு. இந்த நேரத்துல மனசு தளராம, தொழில்ல மேல வர்றதுக்கு என்ன வழி?"

"பதினெட்டு இடம் மேல வந்தவர் நீங்க. நான்ல்ல உங்ககிட்ட கேக்கணும்."

"கேலி பண்ணாதீங்க."

"கேலி இல்லை. மனசு எப்படி இருக்கு?"

"மனசு நல்லாத்தான் இருக்கு. நம்பிக்கையை ஒரு நாளும் விட்டதில்லை. கால்தான் வலிக்குது."

ஆசான் முறத்தை ஒருமுறை புடைத்தார்.

"நாளைக்குக் காலையில வர்றேன்," என்றார்.

"எதுக்கு?"

"முதல் ஆள் எப்படி நிக்கிறார்னு பாக்கத்தான்."

மறுநாள் விடிந்தபோது வரிசையில் நான்கு பேர் இருந்தார்கள். முதலில் சந்தியாகு. அவருக்குப் பின்னால் இன்னாசி, குருசு, காதர். மூவரும் அவருக்குப் பின் தொழிலுக்கு வந்தவர்கள். ஆசான் சற்றுத் தள்ளிக் கிணற்றடியில் நின்றார்.

வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. சூரியன் கிளம்பியதும் முதல் ஆள் கடலைப் பார்த்து "வருமா?" என்று கேட்பார். மற்றவர்கள் "வரும்!" என்று சொல்வார்கள். யார் தொடங்கியது என்று தெரியவில்லை. கப்பல்கள் தினமும் வந்த காலத்தில் இந்த வழக்கம் இருந்ததற்குச் சான்று இல்லை.

"வருமா?" என்றார் சந்தியாகு.

"வரும்!"

அடிவானத்தில் ஒரு பாய் தெரிந்தது.

பாய் பெரிதாகி, பிறகு பெரிதாகாமல் அங்கேயே நின்றது. அதிலிருந்து ஒரு சிறு படகு கரைக்கு வந்தது. உள்ளே இரண்டு வெற்றுப் பீப்பாய்கள், ஒரு பரங்கி மாலுமி. வெயிலில் வெந்த முகம். பீப்பாய்களைக் கிணற்றடிக்கு உருட்டிவந்து, ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டான்.

சந்தியாகு அவன் எதிரில் போய் நின்று, மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பரங்கி மொழியில் வரவேற்பு சொன்னார். நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் கையை ஆட்டி ஒப்பேற்றினார். மாலுமி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னான்.

"தண்ணீர் எடுக்கத்தான் ஒதுங்கினோம். இனி எந்தக் கப்பலும் இங்கே வராது. மூன்று வருடத்துக்கு முன்பே எல்லாம் தெற்கே புதுத்துறைக்கு மாறிவிட்டது. இது செத்துப்போன துறைமுகம். நீங்கள் எதற்காக நிற்கிறீர்கள்? அங்கே மொழி தெரிந்த ஆள் போதவில்லை. ஆனால் வரிசை எதுவும் கிடையாது. முதல் ஆள், கடைசி ஆள் என்று பார்ப்பதில்லை. வேலை தெரிந்தவனுக்கு வேலை."

கப்பலிலிருந்து செய்தி எதுவானாலும் முதல் ஆள் வரிசைப் பக்கம் திரும்பித் தமிழில் சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம். சந்தியாகு திரும்பினார். மூன்று முகங்களும் அவரைப் பார்த்தன.

"காத்து சரியில்லையாம். அதனால கப்பலெல்லாம் கொஞ்சம் தாமதமாம். நம்ம துறையைப் பத்தி எல்லாரும் அன்பா விசாரிச்சாங்களாம்."

தொழிலில் இதற்குப் பூசிச் சொல்வது என்று பெயர். உன் மிளகு குப்பை என்று கப்பல்காரன் சொன்னால், மிளகில் சற்று ஈரமோ என்று ஐயப்படுகிறார் என்று துபாசி சொல்வான். நீ திருடன் என்று வியாபாரி சொன்னால், தங்கள் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிறார் என்பான். எத்தனையோ கைகலப்புகள் இப்படி நடக்காமல் போயிருக்கின்றன. மூன்றாம் வருடப் பாடம் இது. மதார் ஆசான் மிக நன்றாகக் கற்றுக்கொடுப்பார்.

"வரும்!" என்று மூவரும் கத்தினார்கள்.

மாலுமி நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன சொன்னாய் இவர்களிடம்? இவ்வளவு மகிழ்ச்சி எதற்கு?"

"தங்களுக்கு நன்றி சொல்கிறார்கள்," என்றார் சந்தியாகு.

மாலுமி தோளைக் குலுக்கினான். தண்ணீரை நிரப்பிக்கொண்டு படகைத் தள்ளிப் போனான். சற்று நேரத்தில் பாயும் மறைந்தது. மூவரும் சுவர் நிழலில் உட்கார்ந்தார்கள். சந்தியாகு கிணற்றடிக்கு வந்தார்.

"பக்கத்துலயேதான் நின்னீங்க. ஒரு வார்த்தை பேசலையே, ஆசானே."

"முதல் ஆள் பேசும்போது நான் குறுக்க வரலாமா?"

"உள்ளதைச் சொன்னா பயலுக மனசு ஒடஞ்சிரும். நம்பிக்கை ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. பூசிச் சொல்ல நீங்கதான கத்துக் குடுத்தீங்க?"

"ஆமா. நான்தான்."

ஆசான் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். இரவெல்லாம் விழித்தவர் போல இருந்தது அவர் முகம்.

"அவன் சொன்னதை எனக்கு ஒருதரம் சொல்லுங்க அண்ணாச்சி."

"உங்களுக்குத்தான் அந்தப் பாஷை தெரியுமே."

"தெரியாத ஆள்னு நெனச்சுக்கிடுங்க."

"கப்பல் இங்க வர்றது கொஞ்சம் சிரமம்ங்கறான்..."

"கொஞ்சம்னு அவன் சொல்லலை."

"இப்போதைக்குக் கப்பல்—"

"இப்போதைக்குன்னும் சொல்லலை."

சந்தியாகு வாயைத் துடைத்துக்கொண்டார். கடலைப் பார்த்தார். பிறகு, பாடம் ஒப்பிக்கிற குரலில், மாலுமி சொன்ன வரிசையிலேயே சொன்னார். இனி எந்தக் கப்பலும் இங்கே வராது. எல்லாம் புதுத்துறைக்கு மாறிவிட்டது. இது செத்துப்போன துறைமுகம். நீங்கள் எதற்காக நிற்கிறீர்கள்?

அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"இன்னும் இருக்கு," என்றார் ஆசான்.

மிச்சத்தையும் சொன்னார். சொல்லி முடித்ததும் மணலில் உட்கார்ந்தார்.

"சரியா?"

"ஒரு சொல் கூடலை. ஒரு சொல் குறையலை."

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாது. மூணு வருஷமா நான் யார்கிட்டயும் கேக்கவும் இல்லை."

ஒரு நண்டு சந்தியாகுவின் காலருகே வந்து பார்த்துவிட்டுப் போனது.

"அங்க போனா நான் யாரு, ஆசானே? இங்கயாவது முதல் ஆள்."

"இன்னைக்கு நீங்களாப் பூசாமச் சொன்னது இது ஒண்ணுதான்."

சந்தியாகுவின் முகம் சிவந்தது. எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, நேராகச் சுவரோரம் போனார். மூவரும் மரியாதைக்கு எழுந்தார்கள்.

"நான் மாத்திச் சொல்லிட்டேன்," என்றார். "காத்துமில்லை, தாமதமுமில்லை. இனி எந்தக் கப்பலும் இங்க வராது. எல்லாம் புதுத்துறைக்குப் போயிட்டு. இது செத்துப்போன துறைமுகம். அங்க மொழி தெரிஞ்ச ஆள் வேணுமாம். வரிசை கிடையாதாம். வேலை தெரிஞ்சவனுக்கு வேலையாம்."

யாரும் அழவில்லை. இன்னாசி தலையைச் சொறிந்தான்.

"மாமா."

"சொல்லுலே."

"எங்களுக்கும் பரங்கிப் பாஷை தெரியும்."

சந்தியாகு கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் சொன்னது கேட்டுச்சா?"

"காது இருக்குல்லா."

"பின்ன எதுக்குலே 'வரும்'னு கத்துனீங்க?"

"நீங்க அவ்வளவு பாடுபட்டு மாத்திச் சொல்றீங்க. கத்தலைன்னா உங்க மனசு ஒடஞ்சிரும்னு குருசுதான் சொன்னான்."

"நான் எப்பச் சொன்னேன்? கண்ணைக் காட்டுனது காதர்," என்றான் குருசு.

காதர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்னால நிக்கிறவரு நிக்கும்போது நாங்க எப்படிப் போறது மாமா? நல்லா இருக்காதுல்லா," என்றான் இன்னாசி.

சந்தியாகு மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். காதரின் சட்டையில் தோள் பக்கம் கிழிந்திருந்தது. குருசுவின் கன்னம் ஒட்டியிருந்தது. மூன்று வருடமாக அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றதில் இதெல்லாம் கண்ணில் பட்டதில்லை. கிணற்றடிக்குத் திரும்பி நடந்தார். மூவரும் பின்னால் வந்தார்கள்.

"அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, ஆசானே."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா, அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு?"

"அவங்களுக்கும் நான்தான அண்ணாச்சி சொல்லிக் குடுத்தேன்."

குருசு சிரிக்கத் தொடங்கி, சந்தியாகுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு சந்தியாகுவே சிரித்தார். அதிக நேரம் சிரிக்கத் தெம்பில்லை.

"நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டார்.

"வராம? இங்க இருந்து யாருக்குச் சொல்லிக் குடுக்க? அங்க பேசற பாஷையில பாதி எனக்கே புதுசா இருக்கும்."

"புதுத்துறைக்கு எத்தனை நாளு?"

"கடலோரமா நாலு நாள் நடை. விடியறதுக்குள்ள கிளம்பிட்டா முதல் நாள் அலுப்பு அவ்வளவு தெரியாது."

"மத்த மூணு நாள்?"

இன்னாசியும் குருசுவும் காதரும் ஆசானின் வாயைப் பார்த்தார்கள்.

"கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார் ஆசான்.